பாடத்திட்டப் பகிர்வும் இரவல் வாசிப்பும்

அரசியலறிவியல் கற்பிப்போர் தம் பாடத்திட்டங்களை இணையத்தில் பொதுவில் வைக்கும் வழக்கம் வரவேற்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடப்பொருள்களைக் கட்டணமின்றி வழங்கப்போவதாக 2001ஆம் ஆண்டு அறிவித்து, மறு ஆண்டு 50 பாடங்களுடன் தொடங்கியது. இன்று அத்தொகுப்பில் அரசியலறிவியல் பாடங்கள் பல உள்ளன. எனினும், இங்ஙனம் பகிரப்படுவது யாது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை என்றே கருதுகிறேன்.

குடியானவர் அரசியல் பற்றிய வாரத்தில் இரு நூல்கள் அடுத்தடுத்து இடம்பெறுவதைக் காணலாம். ஒன்று ஜேம்ஸ் ஸ்காட்டின் ‘தி மாரல் எகானமி ஆஃப் தி பெசன்ட்’ (1976). மற்றொன்று சாமுவேல் பாப்கினின் ‘தி ரேஷனல் பெசன்ட்’ (1979). பிழைப்புக்கு உறுதி தரும் ஊர்நெறி குலையும்போதே குடியானவர் கிளர்ந்தெழுகின்றனர் என்பது முன்னவர் கொள்கை. பின்னவரோ வியட்நாமியச் சான்றுகளைக் கொண்டு அதனை மறுத்து, அவர்கள் தத்தம் குடும்ப நலனைக் கணக்கிட்டே இயங்குகின்றனர் என்றார். இவ்விவாதத்தை அறிந்த ஆசிரியருக்கு அவ்விரு வரிகளே மூன்று மணி நேரப் பாடம். அறியாதவருக்கு அவை இரு தலைப்புகள் மட்டுமே. எதைப் படிப்பது என்பதைப் பாடத்திட்டம் கூறுகிறது. ஏன் என்பது வகுப்பறையிலேயே தங்கிவிடுகிறது.

இத்தவற்றை நானும் செய்தவன். வெளிநாட்டில் முனைவர் பட்டம் முடித்துத் திரும்பிய முதலாண்டில், என் ஆசிரியரின் பாடத்திட்டத்தை, வாரங்களை மட்டும் கூட்டிக் குறைத்து, அப்படியே எடுத்தாண்டேன். ஸ்காட்டின் ‘வெப்பன்ஸ் ஆஃப் தி வீக்’ (1985) அதில் இருந்தது. கெடா மாநிலத்து மூடா நெல்வயற்பகுதியில் 1978 முதல் 1980 வரை அவர் மேற்கொண்ட களஆய்வின் பயன் அந்நூல். அறுவடை இயந்திரங்களால் வேலையிழந்த ஏழையரின் ஓசையற்ற எதிர்ப்பை அது நுணுக்கமாகக் காட்டுகிறது. கெடாவிலிருந்து வந்த மாணவி ஒருவர், “டாக்டர், எங்கள் ஊரைப் பற்றிப் படிக்க ஏன் இந்த நூலில் தொடங்குகிறோம்?” என்று கேட்டார். என் ஆசிரியர் அதில் தொடங்கினார் என்பதைத் தவிர என்னிடம் விடையில்லை. (நூலின் தரத்தில் குறையில்லை, இன்றும் அதனைக் கற்பிக்கிறேன்.)

பிறர் சிந்தனையை ஆராயாது பின்பற்றும் இந்நிலையைச் சையட் ஹுசேன் அலாதாஸ் 1970களிலேயே ‘சிறைப்பட்ட சிந்தை’ எனச் சுட்டினார். அவர் சிங்கப்பூரில் மலாய் ஆய்வியல் துறையை நடத்தியவர். குடியேற்ற ஆட்சியினர் ‘சோம்பேறிச் சுதேசி’ என்னும் கற்பனையைப் புனைந்த விதத்தை ஆராயும் அவரது ‘தி மித் ஆஃப் தி லேசி நேட்டிவ்’ (1977) என் ஆசிரியரின் பாடத்திட்டத்தில் இல்லை. ஆதலால் என் வகுப்பிலும் இல்லாமற் போயிற்று.

எண்ணிக்கை இக்குறையைத் தீர்ப்பதில்லை. ஓப்பன் சிலபஸ் திட்டம் 2016இல் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பாடத்திட்டங்களைத் தொகுத்து, எந்நூல் எத்தனை முறை பரிந்துரைக்கப்படுகிறது எனக் கணக்கிட்டுக் காட்டியது. பிளேட்டோ, ஹாப்ஸ், மாக்கியவெல்லி ஆகியோருடன் ஹண்டிங்டனும் முன்வரிசையில் நின்றார். ‘நாகரிகங்களின் மோதல்’ ஏற்கப்படுவதற்காகப் பரிந்துரைக்கப்பட்டதா, மறுக்கப்படுவதற்காகவா என்பதை அக்கணக்கு அறியாது. அதனைப் பார்த்துப் பாடம் அமைக்கும் புதிய விரிவுரையாளரோ முன்வரிசையை மேலும் முன்தள்ளுவார்.

பட்டியல் திறந்திருப்பினும், அது சுட்டும் ஆய்விதழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் சந்தாவுக்குள் அடைபட்டுக் கிடப்பது வேறொரு சிக்கல்.

பகிர்வு பயன்தர வேண்டுமாயின், ஒவ்வொரு வாரத்தின் கீழும் தேர்வுக்கான காரணமும், விடப்பட்டவை எவை என்பதும் எழுதப்படுதல் வேண்டும். நம் துறைகளும் எடுப்பதோடு நில்லாது கொடுக்கவும் முன்வர வேண்டும். என் இவ்வாண்டுப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வாரத்தில் அலாதாஸும் ஸ்காட்டும் அடுத்தடுத்து நிற்கின்றனர். அதன் கீழ் ஐந்து வரிகள் எழுதியுள்ளேன். பாப்கினை நீக்கிய காரணமும் அவற்றுள் உண்டு.