மணிவாசகர் காலவாராய்ச்சியில் ஏதுப்போலிகள்

புகையைக் கண்டு நெருப்புண்டெனத் துணிதற்குப் புகை ஏதுவாவது, நெருப்பில்லாதவிடத்துப் புகை யாண்டும் இன்மையானன்றோ? அவ்வுடனிகழ்ச்சி ஓரிடத்துத் தவறினும் ஏது போலியாயொழியும். மணிமேகலையின் 29-ஆம் காதை ஏதுப்போலியை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூன்றாகப் பகுக்கும். வாதிகளுள் ஒருவரேனும் ஒப்பாத ஏது அசித்தம். துணிபொருள் உள்வழியும் இல்வழியும் ஒப்பச் செல்வது அநைகாந்திகம். மாறுபட்ட பொருளையே நாட்டுவது விருத்தம். அளவை கற்றார் இவற்றைப் பிறர்மதம் மறுத்தற்கு மட்டுமே கருவியாகக் கொள்ளுதல் சாலாது. தம்முள் நிகழும் வழக்கினும் நோக்குதல் வேண்டும்.

மணிவாசகப் பெருமானது காலவழக்கு அதற்குத் தக்க இடம். 1937-இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் முன்னர்த் தமிழாசிரியராயிருந்த மறைமலையடிகள், 1911-இற் பல்லாவரத்தில் உறைவாராயினர். அவர்தம் ‘மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்’ 1930-இல் வெளிப்போந்தது. அதன்கண் பெருமான் காலம் கி.பி. 3-ஆம் நூற்றாண்டென நாட்டப்பட்டது. வரலாற்றாசிரியர் பலர் 9-ஆம் நூற்றாண்டென்பர். அடிகளது பேருழைப்பு எவரானும் போற்றத்தக்கதே. ஆயினும் இருதிறத்தாரும் இந்நாள்காறும் வழங்கிவரும் ஏதுக்கள் ஆராயற்பாலன.

பிற்பட்டவரென்பார் முதற்கண் கூறுவது, சுந்தரமூர்த்திகள் திருத்தொண்டத்தொகையுட் பெருமான் பெயரை ஓதிற்றிலர் என்பது. முற்பட்டவரென்பாரோ, கண்ணப்பரையும் சண்டேசுரரையும் பாடிய பெருமான் மூவர் முதலிகளைப் பாடாமையின் அவர்க்கு முன்னவரே என்பர். இரண்டும் ஓரினத்து ஏதுக்களே. ஓதாமை, ஓதப்படுவார் இன்மையானும் நிகழும். உளராயினும் வேறு கருத்தானும் நிகழும். ஆகலின் அஃது அநைகாந்திகம். ஒன்றை ஏற்பார் மற்றதனையும் ஏற்றல் வேண்டும். இரண்டையும் ஏற்பின், பெருமான் சுந்தரர்க்குப் பின்னும் அவர்க்கே முன்னும் ஆவர்!

அற்றேல், ‘பொய்யடிமையில்லாத புலவர்’ என்னுந் தொகை பெருமானையே குறிக்குமெனின், நம்பியாண்டார்நம்பிகள் அதனைச் சங்கப்புலவர் நாற்பத்தொன்பதின்மர்க்கு உரியதாக விரித்தாராகலின், எதிர்வாதி ஒப்பான், அஃது அசித்தம். நாவுக்கரசர் நரியைக் குதிரையாக்கிய அருளைப் பாடினமையும் அன்னதே. அத்திருவிளையாடல் அவர் காலத்தே மணிவாசகர் வரலாற்றோடு இயைந்திருந்ததென்பது முன்னர் நாட்டப்படல் வேண்டும். நாட்டாது கொள்ளுதல், துணிபொருளையே ஏதுவாக எடுத்தலாம்.

திருக்கோவையாருள் வரகுணன் பெயர் வருதல் இவற்றினும் வலிய ஏது. கல்வெட்டுக்களான் அறியப்பட்ட வரகுணபாண்டியர் இருவர். பின்னவன் 862-இல் அரசெய்தினான். பெயரொற்றுமை ஆளொற்றுமையாகாதென முற்பட்டவரென்பார் தடை நிகழ்த்துவர். தடை ஒக்கும். எனினும், ‘இவர்க்கு முன்னும் ஒரு வரகுணன் இருந்திருத்தல் கூடும்’ என்னுமளவில் 3-ஆம் நூற்றாண்டு நிலைபெறாது. கூடுமென்பது வேறு, உண்டென்பது வேறு. ஆகலின் ஈண்டு வலி பிற்பட்டவரென்பார் பக்கமே சாய்கின்றது. முடிந்த முடிபென்றல் மிகையாம்.

இவ்வழக்கின் அடியிற் கிடப்பது பிறிதொன்று. பிற்பட்டவரெனின் பெருமான் பெருமை குறையுமென்னும் அச்சமும், அங்ஙனங் கூறுவார் அன்பிலரென்னும் பழியுமே அது. தொன்மையுள்வழிப் பெருமை, இல்வழிச் சிறுமை என்னும் உடனிகழ்ச்சி யாண்டுளது? அப்பர் சம்பந்தர்க்குப் பின்தோன்றிய சுந்தரர் தம்பிரான் தோழராயினாரன்றோ? கூறுவானைப் பழித்தலாற் கூற்று மறுக்கப்படுவதுமில்லை. திருவாசகத்துக்கு உருகும் உள்ளம் நூற்றாண்டை வினவி உருகுவதன்று.

ஆகலின் காலத்தை அளவையானும், பெருமானை அன்பானும் அணுகுதல் முறை. போலியேதுவின்மேல் நிறுத்திய பெருமை, அவ்வேது வீழ்ந்தவழித் தானும் வீழ்ந்ததுபோலத் தோன்றும். அவ்விழுக்கைப் பெருமானுக்குத் தேடித்தருவார், ஆராயாத அன்பரே.