கே. கணேஷின் மூன்று மொழிபெயர்ப்பு நூல்கள்

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாறு பற்றிய நூல்களில் மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் இறுதி அத்தியாயத்தின் இறுதிப் பந்தியே. நாவலாசிரியரும் கவிஞரும் விமர்சகரும் விரிவாக ஆராயப்பட்டதன் பின்னர், மொழிபெயர்ப்புத் துறையில் உழைத்தோர் எனச் சில பெயர்கள் அடுக்கப்படும். கே. கணேஷின் பெயருக்கு நேர்ந்ததும் இதுவே. முற்போக்கு இலக்கிய இயக்கத்தின் தோற்றம் பேசப்படும்போது அவர் பெயர் முன்வரிசையில் வரும்; 1946ஆம் ஆண்டு கே. இராமநாதனுடன் இணைந்து அவர் நடத்திய ‘பாரதி’ சஞ்சிகையும் நினைவுகூரப்படும். நூல்கள் பற்றிய பேச்சு எழுந்ததும் அப்பெயர் பின்வரிசைக்குச் சென்றுவிடும். இயக்கத்திற்கு வேண்டப்பட்டவர், இலக்கியத்திற்கு அவ்வளவாக வேண்டப்படாதவர் என்பது போன்ற ஒரு மதிப்பீடு சொல்லாமலே நிலைபெற்றிருக்கிறது.

அவருடைய மூன்று நூல்களை அடுத்தடுத்துப் படித்து முடிக்கும் வாசகன் இம்மதிப்பீட்டோடு உடன்படுவது கடினம். ஒன்று நாவல்: முல்க் ராஜ் ஆனந்தின் ஆங்கில நாவல் ‘தீண்டாதான்’ என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. மற்றொன்று கவிதை: ஹோ சி மின்னின் சிறைக் குறிப்புகள். மூன்றாவது சிறுகதை: லூ சுன்னின் ‘போர்க்குரல்’. துறையால் வேறுபட்ட இம்மூன்றையும் தெரிந்தெடுத்தவர் 1920இல் கண்டிக்கு அண்மையிலுள்ள அம்பிட்டியவில் பிறந்து, அதே பாதையில் மேலும் சில மைல்கள் சென்றால் வரும் தலாத்துஓயாவில் வாழ்ந்து, 2004இல் மறைந்தவர். அம்பிட்டிய தமிழிலக்கிய வரைபடத்தில் இடம்பெறும் ஊரன்று. 1893ஆம் ஆண்டு பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் நிறுவிய குருமடத்தால் அது அறியப்பட்டது. இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் மாணவர் வந்து இலத்தீன் பயின்ற அக்குருமடம் 1955இல் பூனே நகருக்கு மாற்றப்பட்டது. அவ்விடத்தில் இலங்கையின் தேசியக் குருமடம் இன்றும் இயங்குகிறது. தேயிலைக்கும் இலத்தீனுக்கும் இடையில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் அங்கே பிறந்தமை தற்செயலே. ஆனால் அவர் எவற்றை மொழிபெயர்த்தார் என்பதில் தற்செயல் குறைவு.

நகரசுத்தித் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பதினெட்டு வயது பாக்காவின் ஒரே ஒரு நாள்தான் ‘தீண்டாதா’னின் காலப்பரப்பு. காலையில் மலகூடங்களைத் துப்புரவு செய்வதில் தொடங்கும் அந்நாள் மாலையில் காந்தியடிகளின் கூட்டத்தில் முடிகிறது. இடையில் கடைத்தெருவில் இனிப்பு வாங்கித் தின்றுகொண்டே நடக்கும் பாக்கா, அறியாமல் ஒரு மேற்சாதியாரைத் தொட்டுவிடுகிறான். கூட்டம் சூழ்கிறது. வசை பொழிகிறது. கன்னத்தில் அறை விழுகிறது. அதன் பின்னர் தெருவில் ஒவ்வோர் அடியிலும் தன் வரவைத் தானே உரக்கக் கூவி அறிவித்துக்கொண்டு நடக்கிறான். நாவலின் உயிர்நிலை இவ்விடமே. அறையைவிட அறைக்குப் பிந்திய அந்தக் கூவல் கொடியது. பிறர் இட்ட விலங்கை அவன் தன் நாவாலேயே பூட்டிக்கொள்கிறான்.

1935இல் வெளிவந்த மூலநூலை இலண்டனில் பத்தொன்பது பதிப்பகங்கள் திருப்பியனுப்பின என்பதும், பின்னர் ஈ. எம். ஃபோஸ்டரின் முன்னுரையோடு அது வெளிவந்தது என்பதும் பலரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. ஆனந்த் எழுதியது ஆங்கிலம். அவருடைய பாத்திரங்கள் பேசுவது பஞ்சாபி. ஆங்கிலத்தின் முன்னிலைச் சொல் பண்டிதரையும் பாக்காவையும் ஒரே தட்டில் நிறுத்திவிடும். தமிழில் அவ்வாறு நிறுத்த வழியில்லை. ‘நீ’, ஈழத்துப் பேச்சில் இன்னும் உயிரோடிருக்கும் ‘நீர்’, ‘நீங்கள்’ என மூன்று படிகள் காத்திருக்கின்றன; அவற்றுக்குக் கீழே ‘அடே’யும் உண்டு. ஒவ்வோர் உரையாடலிலும் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைத் தமிழ் கேட்டே தீரும். ஆங்கிலத்தில் கதாசிரியர் விவரித்துக் காட்டவேண்டியதைத் தமிழின் வினைமுற்று ஒன்றே காட்டிவிடுகிறது. ஆகவே இந்நாவல் தமிழுக்கு வந்தபோது மொழிபெயர்ந்தது என்பதைவிட, மூலம் மறைத்து வைத்திருந்த பேச்சுக்கு அருகே சென்றது என்பது பொருந்தும். சாதியைப் பற்றிய நாவலுக்குச் சாதியறிந்த மொழி வேண்டும். அது தமிழுக்குப் பெருமை தரும் செய்தியல்ல.

இனி, இந்நூலைக் கண்டியிலிருந்து படிப்பதற்கும் பிற இடங்களிலிருந்து படிப்பதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் நகரத்தின் வாளிக் கக்கூசுகளையும் வீதிகளையும் துப்புரவு செய்வதற்கெனத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் கண்டி நகரின் வடபுறத்தே மஹியாவவில் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். ஈழத்துத் தமிழ் ஆக்க இலக்கியத்தில் மலையகம் என்றதும் கொழுந்துக் கூடையும் லயனும் பெரட்டுக்களமும் கங்காணியும் துரையும் கண்முன் வருவது இயல்பு. அத்தோட்டங்களுக்கு நடுவே நகரம் ஒன்று இருந்ததும், அந்நகரத்தின் அழுக்கைச் சுமந்தவர்களும் தமிழர்களே என்பதும் மலையக இலக்கியத்தில் அரிதாகவே பதிவாகியுள்ளன. தோட்டத்துக்குள் எல்லோரும் தொழிலாளர், எல்லோரும் ஒடுக்கப்பட்டோர் என்னும் பார்வை வர்க்க ஒற்றுமைக்கு உதவியிருக்கலாம். லயனுக்குள்ளும் நகர்ப்புறக் குடியிருப்புக்குள்ளும் நிலவிய சாதி வேறுபாட்டை அது மூடியும் வைத்தது. ஈழத்தில் சாதிக்கொடுமையை எழுதியவர்கள் எனின் யாழ்ப்பாணமே நினைவுக்கு வருகிறது. டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960இலும் கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இலும் வெளிவந்தன. ‘தீண்டாதான்’ வெளிவந்தது 1947இல். கண்டியைச் சேர்ந்த எழுத்தாளர் ஒருவர், தம் நகரத்தைப் பற்றி எவரும் எழுதாததை, வட இந்தியக் கற்பனை நகரம் ஒன்றைப் பற்றிய நாவலின் வழியே தமிழில் வைத்துவிட்டார். அவர் இதனை மனத்திற்கொண்டுதான் செய்தார் எனச் சாதிக்க வேண்டியதில்லை. மஹியாவவைக் கடந்து செல்லும் வாசகனுக்கு அந்நூல் வேறு ஊரின் கதையாகத் தோன்றுவதில்லை என்பது போதும்.

நாவலின் முடிவு பற்றிக் குறை சொல்லாதிருக்க முடியாது. கிறிஸ்தவ பாதிரியார், காந்தியடிகள், கழிவுநீர்ப் பொறியமைப்பு வந்தால் தீண்டாமை போய்விடும் எனப் பேசும் நவீனக் கவிஞர் என மூன்று விடைகள் பாக்காவின் முன் வரிசையாக வைக்கப்படுகின்றன. அதுவரை உடம்பாலும் அவமானத்தாலும் பேசிய நாவல் இங்கே மேடைப்பேச்சாக மாறுகிறது. பொறியின் மீது வைக்கப்பட்ட நம்பிக்கையையும் காலம் பொய்யாக்கிற்று. கண்டியில் வாளி மறைந்த பின்னரும் துடைப்பம் பெரும்பாலும் அதே குடும்பங்களின் கையிலேயே இருந்தது.

ஹோ சி மின்னின் கவிதைகளைப் பற்றி நீளப் பேசுவதற்கு இடமில்லை. 1942 ஆகஸ்டில் தென்சீனாவில் கைதாகி, குவாங்சி மாகாணச் சிறைகள் பலவற்றிற்கு விலங்கோடு நடத்திச் செல்லப்பட்டு, ஓராண்டுக்குப் பின் விடுதலையான ஒருவர் எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பாடல்கள் இவை. பல் விழுந்தது, அரிசி குற்றும் ஓசை, சதுரங்க விளையாட்டு, வழியோர மைற்கல் என்பன பாடுபொருள்கள். பெரும்பாலானவை நான்கடிச் செய்யுள்கள். ஆங்கிலத்தின் வழியே வரும்போது சீன யாப்பின் ஓசையொழுங்கு முற்றாக நீங்கி, கருத்து மட்டும் எஞ்சுகிறது. கருத்து மட்டும் எஞ்சிய நான்கடி பல வேளைகளில் நாட்குறிப்பு வரியாகவே நின்றுவிடுகிறது. வெண்பாவின் செறிவுக்குப் பழகிய தமிழ்ச் செவிக்கு இது ஏமாற்றமே. எனினும் ஒன்று வியப்பூட்டும். வியட்நாமியரான ஹோ இவற்றை எழுதியது செவ்வியல் சீனத்தில். அவருடைய நாட்டு மக்களிற் பெரும்பாலார்க்கே இவை மொழிபெயர்ப்பாகத்தான் கிடைத்தன.

இச்செய்தி கணேஷின் மீது வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு குற்றச்சாட்டைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது. ஆங்கிலத்திலிருந்து செய்தவை இரண்டாங்கை மொழிபெயர்ப்புகள், ஆதலால் மதிப்பிற் குறைந்தவை என்பது பல்கலைக்கழக மட்டத்தில் அடிக்கடி கேட்கும் கூற்று. மூன்று நூல்களில் ஒன்று பஞ்சாபியில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. மற்றொன்று வியட்நாமியர் சீனத்தில் எழுதியது. எஞ்சிய ஒன்றின் ஆசிரியரான லூ சுன்னோ, கோகலின் ‘மாண்ட ஆன்மாக்க’ளை ருஷ்ய மொழி அறியாமலே ஜெர்மன், ஜப்பானியப் பெயர்ப்புகளின் துணையோடு சீனத்துக்குக் கொணர்ந்தவர். அவருடைய முதற் பெருங்கதையின் தலைப்பே கோகலின் ஒரு கதைத் தலைப்பை ஏற்றது. மலையகத்துக்குள்ளேயும் இதற்குச் சான்று உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்து வாழ்வைப் பாடிய நெடுங்கவிதை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, சக்தீ பாலையாவின் ‘தேயிலைத் தோட்டத்திலே’ வழியாகவே தமிழுக்குத் திரும்பியது. மலையகத்தின் பெயர்பெற்ற கவிதையே மொழிபெயர்ப்பாக இருக்கையில், மலையகத்தின் மொழிபெயர்ப்பாளர் எவ்வாறு புறத்தே நிற்பவராவார்?

மூன்று நூல்களிலும் வாசகனை மிகவும் அலைக்கழிப்பது லூ சுன்தான். மருத்துவம் பயிலச் சென்று, 1906இல் அதனைக் கைவிட்டு எழுத்துக்கு வந்த அவருடைய கதைத்தொகுதி 1923இல் வெளிவந்தது. ‘போர்க்குரல்’ என்பது அத்தொகுதியின் தலைப்பே. தலைப்பு முழக்கமிடுகிறது, உள்ளிருக்கும் கதைகள் தயங்குகின்றன. சாளரமற்ற இரும்பு அறைக்குள் உறங்கியவாறே மூச்சடைத்துச் சாகவிருப்போரை எழுப்பி, சாவின் வேதனையை உணரச் செய்வது நன்மையா என்று முன்னுரையிலேயே லூ சுன் கேட்டுவிடுகிறார். முற்போக்கு இலக்கியக்காரர் பலர் தலைப்பைப் பற்றிக்கொண்டு முன்னுரையை மறந்தனர். லூ சுன்னை வெறும் போராட்ட எழுத்தாளராக அறிமுகப்படுத்துவது அவருக்குச் செய்யும் உபகாரமன்று.

அக்தொகுதியின் ஆ கியூவை நோக்குக. அடிபட்ட ஒவ்வொரு முறையும் தானே வென்றதாகத் தன்னைத் தேற்றிக்கொள்ளும் அந்த நாட்டுப்புறக் கூலியாள், இறுதியில் செய்யாத கொள்ளைக்காகத் தண்டிக்கப்படுகிறான். எழுதத் தெரியாத அவனைக் கையொப்பத்துக்குப் பதிலாக ஒரு வட்டம் வரையச் சொல்கின்றனர். தான் ஒப்புக்கொள்வது எதை என்பதை அறியாத அவன், வட்டம் சரியாக வரவில்லையே என்று நாணுகிறான். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின்னர், தம் கையிலிருந்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறியாமலே கைநாட்டு வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவ்விடத்தைச் சிரித்துக்கொண்டு கடந்துவிட முடியாது. பாக்காவின் கூவலும் ஆ கியூவின் வட்டமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. நாவலாசிரியர் பாக்காவுக்காக இரங்குகிறார். சிறுகதையாசிரியர் ஆ கியூவுக்காக இரங்கவும் மறுக்கிறார். இரங்க மறுப்பதே வாசகனைத் தூங்கவிடுவதில்லை.

‘என் பழைய வீடு’ என்னும் கருத்தில் அமைந்த கதை இன்னும் நெருக்கமானது. இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், வீட்டை விற்றுவிட்டுத் தாயை அழைத்துச் செல்ல ஊர் திரும்பும் கதைசொல்லியைக் காண இளமைத் தோழன் ருன்டு வருகிறான். சிறுவயதில் அண்ணன் என்று முறைசொல்லி அழைத்தவன், இப்போது எசமானரை அழைக்கும் சொல்லால் அழைக்கிறான். பழையபடியே அழைக்கலாமே என்று தாய் வற்புறுத்தியும் அவனால் இயலவில்லை. கதையின் முழுப் பாரமும் அந்த ஒரு விளியில் இருக்கிறது. ‘துரை’ என்ற சொல்லோடு வளர்ந்த மலையக வாசகனுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஒரே மரத்தடியில் விளையாடிய இருவருள் ஒருவன் படித்து உத்தியோகத்தனாகி ஊர் திரும்ப, மற்றவன் ஒதுங்கி நின்று ‘சேர்’ என்று விளிக்கும் காட்சிக்குச் சீனா வரை போகவேண்டியதும் இல்லை.

ஊரைவிட்டுப் படகில் நீங்கும்போது, தன் சகோதரன் மகனும் ருன்டுவின் மகனும் தோழராகிவிட்டதைக் கதைசொல்லி நினைக்கிறான். அவர்களுக்காவது புதிய வாழ்வு வேண்டுமென விரும்புகிறான். உடனே, வீட்டுப் பொருள்களிலிருந்து ருன்டு கேட்டு வாங்கிய தூபக்கலசத்தை எண்ணி, தான் நம்பிக்கை என்று போற்றுவதும் கையால் செய்த ஒரு விக்கிரகமோ என ஐயுறுகிறான். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென எழுதியது. அதன்படி தலைமன்னார்த் துறைக்கு இரயிலேறியவர்களுள் விளையாட்டுத் தோழர்களை விட்டுச்சென்ற சிறுவர் எத்தனை பேர் என்று எந்த ஒப்பந்தமும் கணக்கிடவில்லை. லூ சுன்னின் படகு அந்தியில் ஊரைவிட்டு விலகும் பக்கங்களை வாசகன் மீண்டும் ஒருமுறை புரட்டும்போது, கரையில் நிற்கும் ருன்டுவின் மகன் தமிழில்தான் ஏதோ கேட்கிறான்.