ரஹீம் சேரிடம் மலையகம் கேட்டு வாங்க வேண்டியவை

1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. இந்தியாவுக்கு எதிரே தென் கொரியா. முதல் ஆட்டத்தில் இந்தியாவை 2-0 என்று சாய்த்ததும் இதே அணிதான். போதாததற்கு, இஸ்ரேலையும் தாய்வானையும் விழாவுக்கு அழைக்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்துப் பேசியிருந்ததால், அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல்.

பயிற்றுவிப்பாளர் சையத் அப்துல் ரஹீம் அன்று எடுத்த இரண்டு முடிவுகளை இன்றும் அலசலாம். பின்கள வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தாய்லாந்து ஆட்டத்தில் தலை உடைந்து தையல் போட்டிருந்தது. அவரை உட்கார வைக்காமல் முன்களத்துக்கு ஏற்றினார் ரஹீம். அரையிறுதியிலும் இறுதியிலும் ஜர்னைல் கோல் போட்டார். (இன்றைய மருத்துவர் யாரும் இதற்குச் சம்மதிக்கமாட்டார். பாடசாலைப் பிள்ளைகளிடம் யாராவது இதைச் செய்தால் நானே முதலில் சண்டைக்குப் போவேன்.) கோல்காப்பாளராக இறுதிக்கு பீட்டர் தங்கராஜைக் கொண்டுவந்தார். மெட்ராஸ் ரெஜிமென்ட் வளர்த்த நெடியவர், கொரியர் உயரத்தில் தூக்கி அடிக்கும் பந்துக்கு ஏற்ற ஆள். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, 2-1. அடுத்த ஆண்டு ஜூனில் புற்றுநோய் ரஹீமைக் கொண்டுபோனது.

ஆனால் இந்த முடிவுகள் பலித்தது ஜகார்த்தாவில் என்றாலும், விதை போட்டது ஹைதராபாத்தில். ரஹீம் அடிப்படையில் பள்ளிக்கூட ஆசிரியர். அங்கே அவர் வினோதமான போட்டிகள் நடத்தினார். ஒன்றில் பந்தை உருட்டிக்கொண்டு ஓடி ஆளை ஏமாற்றக் கூடாது. வந்த பந்தைக் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்றில் பழகாத காலால் மட்டுமே உதைக்கலாம். பயிற்சி உத்தி என்றுதான் எல்லாரும் இதை எழுதுகிறார்கள். எனக்கு இதில் அவருடைய குணம் தெரிகிறது. அணியின் சூரன் அன்று தடுமாறுவான். பத்துப் பேரில் ஒருவனாகிவிடுவான். பந்தே வராமல் ஓரத்தில் நின்றவனுக்குப் பந்து வரும். ‘சுயநலம் கூடாது’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அதைக் காலுக்குப் பழக்கிவிட்டார் மனிதர்.

இலங்கை மலையகத்தில் மீரியபெத்தவைச் சுற்றியுள்ள மலைகளுக்கு இது அப்படியே பொருந்தும். கொஸ்லாந்தை, பூனாகலைப் பக்கம் சமதரை கிடைப்பதே அபூர்வம். கிரவுண்ட் என்று நாம் சொல்வது மலையை வெட்டி எடுத்த ஒரு துண்டு. ஓங்கி உதைத்தால் பந்து தேயிலைக்குள் விழுந்து பணிய லயம் வரைக்கும் உருண்டு போகும். சின்னப் பையன் ஒருவன் தூக்கிக்கொண்டு ஏறி வரும்வரை ஆட்டம் நிற்கும். ஆகவே தரையோடு ஒட்டிய குறும்பந்துதான் இங்கே லாபம். ஒரு சோடி பூட்ஸை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடும் இடத்தில், ரஹீமின் போட்டிகளுக்கு ஒரு விசிலைத் தவிர வேறு செலவே இல்லை.

2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்த லயங்கள் மேல் மலை சரிந்தது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்டதால் உயிர் தப்பிய பிள்ளைகள் பலர். அவர்களில் சிலருக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. சுற்றியிருந்த பாடசாலைகளே முகாம்களாயின. அப்படிப்பட்ட பிள்ளையின் நாளில் முதலில் வந்து நிற்கும் பெரியவர் ஆசிரியர்தான். விளையாட்டு ஆசிரியருக்கு இதில் கூடுதல் பங்கு உண்டு. சாதாரண தரம் முடிந்ததும் கொழும்புக் கடைக்குப் போகப் பெட்டி கட்டும் பையனைப் பெரும்பாலும் முதலில் கவனிப்பவர், இரண்டு நாள் பயிற்சிக்கு வராததைக் கண்ட சேர்தான். லயத்துக்கு நடந்து போய் வாசலில் நின்று அம்மாவோடு பேசுவதும் பயிற்றுவிப்புத்தான். எந்தப் புள்ளி அட்டவணையிலும் அது ஏறாது.

திறமை கண்டுபிடிப்பு என்று நாம் பேசும்போதெல்லாம் முரளிதரனைச் சொல்கிறோம். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகம் வீசிக்கொண்டிருந்த பதின்மூன்று பதினாலு வயதுப் பையனைச் சுழலுக்கு மாற்றியவர் சுனில் பெர்னாண்டோ. பையனைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத்தான் அந்த யோசனை வரும்.

தினமும் பார்க்க வேண்டுமென்றால் ஆள் அங்கே இருக்க வேண்டும். ரஹீம் ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியை 1950 முதல் சாகும்வரை வைத்திருந்தார். முதல் ஐந்து ஆண்டுகளும் ரோவர்ஸ் கிண்ணம் அவர்களுக்கே. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று உதை வாங்கிய பிறகும் தேசிய அணியை அவரிடமே விட்டார்கள். 1956 மெல்பேர்ணில் அந்த அணி அவுஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம் வந்தது. நம் தோட்டப் பாடசாலைகளிலோ, ஒரு நல்ல விளையாட்டு ஆசிரியர் பிள்ளைகளின் பெயரைப் படித்து முடிப்பதற்குள் இடமாற்றம் வந்துவிடுகிறது. ஊவா மாகாணக் கல்வித் திணைக்களம் கிண்ணங்களுக்கும் சீருடைகளுக்கும் செலவழிப்பதற்கு முன்னால், விரும்பித் தங்கும் ஆசிரியருக்குக் கொஸ்லாந்தைப் பக்கம் ஒரு குவார்ட்டர்ஸ் கட்டிக் கொடுக்கட்டும்.