வரிசை சரி, வரைபடம்?

குழந்தை வளர்ப்பை யோக மரபு உடலில் இருப்பதாகச் சொல்லும் சக்கரங்களின் வழியே பார்க்கும் முறையில் ஓர் அடிப்படை நியாயம் இருக்கிறது. முதலில் உடலும் பாதுகாப்பும், அடுத்து உணர்ச்சி, அதற்கு மேல்தான் பேச்சும் அறிவும் என்று அது ஒரு வரிசையை வற்புறுத்துகிறது. எல்.கே.ஜி.யிலேயே எழுத்து நோட்டைத் திணிக்கும் நம் பள்ளிகள் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன. நெய்வேலி நகரியம் போல மைதானங்களோடு திட்டமிட்டுக் கட்டிய ஊரிலும் பொதுத்தேர்வு ஆண்டில் பிள்ளை முதலில் இழப்பது விளையாட்டைத்தான். ஆகவே இந்த முறையை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ள எனக்கு மனமில்லை. வரிசையை ஏற்கிறேன், அதன் மேல் ஒட்டிய சக்கர வரைபடத்தைத்தான் மறுக்கிறேன்.

வரைபடம் இல்லாமலே பிள்ளையை முழுமையாக வளர்க்கலாம் என்பதற்கு நெய்வேலிக்கு அருகிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1943 டிசம்பர் 2 அன்று புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை தொடங்கிய பள்ளி, இன்றைய ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம், உடல், பிராணன், மனம், அந்தராத்மா, ஆன்மிகம் என்ற ஐந்தையும் சேர்த்தே கல்வி என்கிறது. சக்கரங்களை உணர்வின் தளங்களோடு பொருத்தி எழுதியவர் அரவிந்தர். ஆனாலும் பிள்ளைகளின் சக்கரத்தைத் திறப்பதை அந்தப் பள்ளி பாடமாக வைக்கவில்லை. பிராணக் கல்வி என்று அன்னை விளக்கியது புலன்களைக் கூர்மையாக்குவதையும், தன் குணத்தைத் தானே கவனித்துத் திருத்துவதையும்தான். அங்கே பலன் தருவது உடற்பயிற்சி, பாடத்தில் சுதந்திரம், ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அறிந்த ஆசிரியர். இதற்கு விலையும் உண்டு: அந்த மையம் பட்டம் வழங்குவதில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக உழைப்பவரின் மகளுக்குச் சான்றிதழ்தான் அடுத்த படி. அவளிடம் போய் அது வெறும் காகிதம் என்று சொல்வது நியாயமாகாது.

'இது சித்தர்கள் தந்த அறிவு, அதைச் சோதிக்க நீ யார்' என்று கேட்கலாம். திருமந்திரம் ஆதாரங்களை, அதாவது சக்கரங்களை, பேசுவது யோக சாதகனுக்காக; பிள்ளை வளர்ப்புக்கான வயதுப் பட்டியல் அதில் இல்லை. இன்று சுவரில் தொங்கும் ஏழு வண்ணப் படத்தின் வரலாறு வேறு. சக்கரங்களைப் பற்றிப் பூர்ணானந்தர் 1577இல் எழுதிய வடமொழி நூலை ஜான் உட்ரோஃப் 1919இல் ஆங்கிலத்தில் தந்தார். அடையாறு பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் 1927இல் சக்கரங்களைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். வானவில் வரிசை அதற்கும் பிந்தையது. நெய்வேலிக்குப் பக்கத்து வடலூரில், சத்திய ஞான சபையில் வள்ளலார் அமைத்த ஏழு திரைகள் கருப்பில் தொடங்கி நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெண்மை, கலப்பு என்று செல்கின்றன. அந்த வானவில்லுக்கும் இந்தத் திரைகளுக்கும் பொருத்தமே இல்லை. பழமையின் பெயரால் கேட்கப்படும் மரியாதை இந்தப் படத்துக்குச் சேராது.

'வெறும் உருவகம்தானே, என்ன கெடுதல்' என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். உருவகமாக நிற்கும்வரை கெடுதல் இல்லை. மூன்று வயதாகியும் பேசாத குழந்தைக்கு 'விசுத்தி (தொண்டைச் சக்கரம்) அடைபட்டிருக்கிறது' என்று ஒருவர் சொல்லும்போது உருவகம் நோய்க்கணிப்பாகிவிடுகிறது. அந்தக் குழந்தைக்கு உடனே வேண்டியது செவித்திறன் சோதனை. காது கேளாமையைத் தாமதமாகக் கண்டறிந்தால் மொழி கற்கும் பொன்னான ஆண்டுகள் போய்விடும். பிறப்பு முதல் 18 வயது வரை இத்தகைய குறைகளைக் கண்டறிய 2013 முதல் ராஷ்ட்ரீய பால் சுவாஸ்த்ய காரியக்ரம் என்ற அரசுத் திட்டமே இருக்கிறது. பயந்த பிள்ளைக்கு, அடிச் சக்கரமான மூலாதாரம் பலவீனம் என்று சொல்லிச் சிவப்பு வண்ணம் கொடுப்பதும் அப்படித்தான்: வீட்டில் அடி விழுகிறதா, காலையில் சாப்பிட்டதா என்ற கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன. வள்ளலார் ஞான சபைக்கு முன்பே, 1867இல், பசியாற்றும் தருமசாலையின் அடுப்பை மூட்டினார். 2022இல் தமிழக அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டம், எந்தச் சக்கரத்தின் பெயரும் சொல்லாமல், அந்த வரிசையின் முதல் படியில் நிற்கிறது.

இந்த முறையைக் கையாள விரும்பும் பள்ளியிடம் பெற்றோர் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: ஒரு பிள்ளையைப் பற்றி ஆசிரியர் சொன்ன கணிப்பு தவறு என்று எதைக் கண்டால் ஒப்புக்கொள்வீர்கள்? அதற்குப் பதில் வைத்திருக்கும் ஆசிரியருக்கு வரைபடம் தேவைப்படாது. பதில் இல்லாதவரிடம் பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது.