ஷிண்டோ நெறியும் தமிழ்க் காவு வழிபாடும்: ஒப்பீட்டின் எல்லைகள்

முன்னுரை

சப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) தமிழுக்கும் சப்பானியத்துக்கும் உறவுண்டு என்று கூறியதோடு அமையவில்லை. நெல் வேளாண்மையும் அதனோடு இயைந்த சடங்குகளும் தென்னிந்தியாவிலிருந்து சப்பான் சென்றன என்றும் கருதினார். இக்கருத்து தமிழ் ஆய்வுலகில் ஆர்வத்தோடு வரவேற்கப்பெற்றது. சப்பானியரின் தொல்நெறியாகிய ஷிண்டோவின் வேரைத் தமிழ் மண்ணில் தேடுதற்கும் அது வழிகோலியது. அத்தேடலின் வலிமையையும் குறையையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொங்கலும் சிறுபுத்தாண்டும்

ஓனோ காட்டிய சான்றுகளுள் புகழ்பெற்றது பொங்கல் ஒப்பீடாகும். சப்பானியரின் 'கொஷோகட்சு' என்னும் சிறுபுத்தாண்டு சனவரி 15இல் வருகிறது. அன்று செம்பயறு இட்ட அரிசிக் கஞ்சி சமைப்பர். வடபகுதியில் காக்கையை அழைத்து உணவிடும் வழக்கமும் உண்டு. பொங்கலிடுதலும் காக்கைக்குச் சோறிடுதலும் நமக்கு உடனே நினைவுக்கு வருகின்றன.

சடங்குகளின் ஒப்புமை கருதத்தக்கதே. நாளின் ஒப்புமை அவ்வாறன்று. சிறுபுத்தாண்டு முதலில் நிலவுக் கணக்கின்படி முதல் மாதத்து முழுமதி நாளில் கொண்டாடப்பட்டது. சப்பான் 1873இல் கிரெகோரி நாட்காட்டியை ஏற்றபின்னரே அது சனவரி 15 ஆயிற்று. பொங்கலோ ஞாயிறு மகரத்தில் புகும் நாள். அது ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் அந்நாட்காட்டியில் பின்தள்ளி வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் இரண்டு வாரம் முந்தியே வந்திருக்கும். ஆகவே இவ்விரு விழாக்களின் நாள் ஒற்றுமை அண்மைக்காலத்தது. அதனைத் தொன்மைக்குச் சான்றாக்குதல் பொருந்தாது.

கருவறையற்ற கோயில்கள்

பிறப்புறவை ஒதுக்கிவிட்டு வழிபாட்டின் இயல்பை நோக்கின் ஒப்பீடு வளம் பெறுகிறது. ஷிண்டோவில் 'கமி' என்பது மலை, மரம், அருவி, மாண்டோர் என எதிலும் வெளிப்படக்கூடிய வியத்தகு ஆற்றல். நாரா பகுதியிலுள்ள ஓமிவா கோயிலில் தெய்வம் உறையும் கருவறை இல்லை; மிவா மலையே தெய்வத் திருமேனி.

தமிழக எல்லையில் கோவிந்தாபுரத்தைக் கடந்து கொல்லங்கோட்டுப் பகுதியை அடைவோர் சிங்கன்சிறக் கருப்பசாமி கோயிலில் இத்தகைய நிலையைக் காணலாம். விழுதூன்றிப் பரந்த ஆலமரங்களே அங்குக் கோயில். கா, ஆற்றிடைக்குறை, சந்தி, மன்றம், கந்து ஆகியவற்றை முருகன் உறைவிடங்களாகக் கூறும் திருமுருகாற்றுப்படையின் மரபு இத்தகைய இடங்களில் இன்றும் உயிர்ப்புடன் உள்ளது.

வேறுபாடும் சிறிதன்று. ஷிண்டோ குருதியையும் இறப்பையும் தீட்டெனக் கருதி விலக்குவது; ஈமச்சடங்குகள் பெரும்பாலும் பௌத்தத்தின்பாற்பட்டன. கருப்பசாமி வழிபாட்டிலோ குருதிப்பலி பரவலான வழக்கம். ஒற்றுமையை மட்டும் தொகுக்கும் கட்டுரைகள் இதனைக் கடந்துசென்றுவிடுகின்றன.

கலப்பும் பிரிப்பும்

ஷிண்டோ தூய தொல்சமயம் என்னும் எண்ணமும் மறுஆய்வுக்குரியது. கி.பி. 712இல் தொகுக்கப்பெற்ற 'கொஜிகி', 720இல் தொகுக்கப்பெற்ற 'நிகோன் ஷோகி' ஆகியவற்றுக்கு முன்பே, ஆறாம் நூற்றாண்டில் பௌத்தம் அந்நாட்டை அடைந்துவிட்டது. பின்னர் இரண்டும் நெடுங்காலம் கலந்தே இயங்கின. ஐயத்திற்கிடமின்றி நிறுவக்கூடிய இந்தியச் செல்வாக்கும் அவ்வழியே சென்றது: கலைமகள் 'பென்சைதென்' ஆனாள், மகாகாலன் 'தைகொகுதென்' ஆகி, ஒகுனினுஷி என்னும் கமியோடு இணைக்கப்பட்டான். இடைக்காலத்தில் ஷிண்டோ தனிச்சமயமாக இருந்ததில்லை என வரலாற்றறிஞர் தொஷியோ குரோடா 1981இல் வாதிட்டார்.

1868இல் அரசாணை கமியையும் புத்தரையும் பிரித்தது. 1906க்குப்பின் சிறு கோயில்கள் பெருங்கோயில்களுடன் இணைக்கப்பட, பல்லாயிரம் ஊர்க்கோயில்கள் மறைந்தன. அவற்றின் சோலைகள் பல வெட்டப்பட்டன. இயற்கை ஆய்வாளர் குமகுசு மினகதா இதனை உறுதியோடு எதிர்த்தார். சோலை அழிந்தால் ஊரின் ஒற்றுமையும் வழிபாட்டுணர்வும் அழியும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

நிறைவுரை

தமிழ் ஆய்வாளர் ஷிண்டோவிடம் கற்கவேண்டியது இதுவே. எது எதிலிருந்து பிறந்தது என்னும் வினா எளிதில் பெருமிதமாகி விடுகிறது. மரத்தடித் தெய்வத்திற்குக் கருவறை எழும்போது எவர் விலக்கப்படுகின்றனர், எச்சடங்கு நிற்கிறது, எம்மரம் வீழ்கிறது என்பனவே கள ஆய்வில் விடைகாணத்தக்க வினாக்கள். தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் கோவிந்தாபுர எல்லைப்பகுதி அவ்வாய்வுக்கு உகந்த களம். ஓனோ தொடங்கிய ஒப்பீட்டை வேர் தேடுவதினின்று காவுகளின் வாழ்வை ஆராய்வதாக மாற்றினால், அது இரு நாட்டுப் புலமைக்கும் பயன்தரும்.