தென்காசிக் கோபுரக் காற்று: "மர்மம்" என்று சொல்லிவிட்டால் போதுமா?

வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது அந்த வாட்ஸ்அப் செய்தி எனக்கு வந்துவிடும். தென்காசி காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரப் படம் மேலே. கீழே விஷயம்: கோபுர வாசலில் நுழையும்போது காற்று எதிரே வந்து நம்மைத் தள்ளும், வாசலைத் தாண்டிச் சில அடி வைத்தால் அதே காற்று திசை மாறி, முதுகில் கைவைத்து உள்ளே அனுப்புவது போலத் தள்ளும். அதற்குக் கீழே வழக்கமான முடிவு. இன்றைய விஞ்ஞானத்தால் விளக்க முடியாத மர்மம், நம் முன்னோர் அன்றே அறிந்த ரகசியம், பகிருங்கள். யூடியூப் காணொளிகளும் இதையேதான் சொல்கின்றன, பின்னணியில் ஒரு உறுமல் இசையோடு.

என் புகார் காற்றின் மீது இல்லை. சீசன் நேரத்தில் அந்த வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும், எதிர்க்காற்று பொய்யில்லை. வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஆகவே "சும்மா கதை விடுறாங்க" என்று ஒதுக்கும் பகுத்தறிவு நண்பர்களோடும் நான் சேரமாட்டேன். ஆயிரக்கணக்கான பேர் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் ஒரே விஷயத்தை உணர்ந்து சொன்னால், அதைப் போய்ப் பார்ப்பதுதான் அறிவியல். என் புகார் "விளக்க முடியாத" என்ற அந்த ஒரு சொல்லின் மீது. யார் விளக்கப் பார்த்தார்கள், எங்கே தோற்றார்கள்? அதைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரிகூட இருக்காது.

சரி, முயன்று பார்ப்போம். முதலில் ஊர் இருக்கும் இடம். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே நீண்ட சுவர் மாதிரி நிற்கிறது. அதில் சில இடங்களில்தான் இடைவெளி. பெரியது பாலக்காட்டுக் கணவாய். தெற்கே ஆரல்வாய்மொழி. நடுவில் நம்முடைய செங்கோட்டைக் கணவாய், ஆரியங்காவு வழி. 1904-ல் கொல்லத்துக்கு ரயில் பாதை போட்டதும் இந்த வழியாகத்தான். ரயில் போகும் வழியில் காற்றும் வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தோடு இந்த இடைவெளியில் நெருக்கியடித்துப் புகுந்து கிழக்கே இறங்குகிறது. குற்றாலத்துச் சாரல் இதே காற்றின் வேலைதான். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் இதை நம்பித்தான். அந்தக் கணவாயின் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஊர் தென்காசி.

கோயில் கிழக்கு பார்த்தது. நாம் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி உள்ளே போகிறோம். காற்று மேற்கிலிருந்து கிழக்காக வருகிறது. ஆக, சீசனில் முகத்தில் அறையத்தான் செய்யும். இதுவரை மர்மம் எதுவும் இல்லை.

இப்போது கோபுரம். ஒன்பது நிலை, சுமார் 180 அடி. ஊரின் கூரைகளுக்கும் மரங்களுக்கும் மேலே தனியாக நிற்கிற ஒரு பெரிய தடுப்பு. தரையோரம் வீடும் மரமும் உரசி உரசிக் காற்றின் வேகத்தைக் குறைத்துவிடும். மேலே போகப்போக வேகம் கூடும். அந்த மேல்காற்று கோபுரத்தின் மேற்கு முகத்தில், அதாவது கோயிலின் உட்பக்கம் பார்த்த முகத்தில், வந்து மோதுகிறது. மோதின காற்று எங்கே போகும்? கொஞ்சம் மேலே ஏறித் தாண்டும். கொஞ்சம் இருபுறமும் வழியும். மிச்சம் கோபுர முகத்தோடு ஒட்டிக் கீழே இறங்கும். இறங்கின காற்றுக்குத் தரை வந்ததும் ரெண்டு வழி.

ஒன்று, கோபுரத்தின் அடியில் இருக்கிற வாசல். உட்பக்கம் காற்று வந்து மோதி அழுத்தம் கூடி நிற்கிறது. தெருப்பக்கம், கோபுரத்தின் மறைவில், அழுத்தம் குறைவு. நடுவில் இருக்கிற ஒரே துவாரம் இந்த வாசல். அதனால் அதன் வழியே காற்று பீறிட்டு வெளியே வரும். உள்ளே நுழைகிற நம் முகத்தில் படுவது இதுதான்.

இரண்டாவது வழிதான் கதையின் ருசியான பகுதி. கீழே இறங்கின காற்றில் ஒரு பங்கு வாசலுக்குள் போகாமல், கோபுரத்தின் அடியிலிருந்து பின்வாங்கி, தான் வந்த திசைக்கே, மேற்கு நோக்கித் தரையோரமாகத் திரும்பி ஓடும். கொஞ்ச தூரம் ஓடி, மேலெழுந்து, மறுபடி பெருங்காற்றோடு சேரும். ஒரு பெரிய உருளை மாதிரி படுத்தபடியே சுழலும். ஆற்றில் பாலத் தூணுக்கு முன்னால் தண்ணீர் சுருண்டு திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதி. இப்போது வாசலைத் தாண்டி ரெண்டு மூன்று எட்டு வைத்தவரை நினைத்துப் பாருங்கள். அவர் அந்தச் சுழலுக்குள் நிற்கிறார். தரைக்காற்று அவருக்குப் பின்னாலிருந்து மேற்கே போகிறது. முதுகில் தள்ளுகிறது!

உயரமான கட்டடமும், காற்று வரும் பக்கம் அதற்கு முன்னால் தாழ்வான கட்டடங்களும் இருந்தால் இந்தச் சுழல் இன்னும் பலமாக இருக்கும் என்பது கட்டடக் காற்றியலில் பாடம். கோயிலில் மேற்கே தாழ்வான மண்டபங்கள், கிழக்கே உயர்ந்த கோபுரம். பாடப்புத்தகப் படம் மாதிரியே இருக்கிறது.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் என்று 32 மாடிக் கட்டடம், 2007-ல் முடிந்தது. அதன் அடியில் காற்று இப்படி இறங்கி, 2011 மார்ச்சில் ஒரு லாரியைப் புரட்டிப் போட்டது. நடந்து போய்க்கொண்டிருந்த ஒருவர் அதில் இறந்தார். பிறகு சாலைக்கு மேலே பெரிய தடுப்புத் தட்டிகள் கட்டினார்கள். அங்கே யாரும் காற்றைத் திருப்ப வேண்டும் என்று திட்டம் போடவில்லை. உயரமாகக் கட்டினார்கள், காற்று தன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான். ஆகவே தென்காசியில் காற்று திரும்புகிறது என்பதை மட்டும் வைத்து, சிற்பிகள் அதைக் கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள் என்று சொல்லிவிட முடியாது. கட்டினவர்களுக்கு இந்த ஊர்க் காற்று தெரியாமல் இருந்திருக்காது. ஆடி மாசம் இங்கே சாரம் கட்டி நின்றவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தெரிந்திருந்தார்கள் என்பது வேறு, திட்டமிட்டார்கள் என்பது வேறு.

என் விளக்கம் சரிதானா என்று எப்படிப் பார்ப்பது? அதற்கும் வழி இருக்கிறது. மர்மச் செய்திகளில் காற்று "எப்போதும்" இப்படி வீசும் என்பார்கள். நான் சொல்வது சரியென்றால் அது நடக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று. அப்போது தெருப்பக்கம்தான் காற்று மோதும் முகம். வாசலில் எதிர்ப்புக்குப் பதில் முதுகில் தள்ளல் இருக்க வேண்டும். பங்குனிப் பகலில் காற்றே ஓய்ந்திருக்கும்போது ஒன்றும் பெரிதாக இருக்கக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் இதைவிட உயரம், அதுவும் மலையடிவாரம்தான். ஆனால் நேர் மேற்கே இப்படி ஒரு கணவாய் இல்லை. அங்கே இந்தக் காற்றுப் பேச்சு இல்லாதது எனக்கு ஆச்சரியமாக இல்லை. மர்மம் என்று சொல்பவர் எந்த மாசத்தில் வந்து பார்த்தாலும் தோற்கமாட்டார். நான் தோற்க வாய்ப்பிருக்கிறது. அந்த வித்தியாசம் முக்கியம் என்று நினைக்கிறேன்.

இனி, அந்தச் செய்திகள் எப்போதும் விட்டுவிடுகிற ஒரு சின்ன விஷயம். நாம் இன்று படம் எடுத்துப் பகிர்கிற கோபுரம் 1990-ல் குடமுழுக்கு ஆனது. கோயிலை எழுப்பியது அரிகேசரி பராக்கிரம பாண்டியன், 1446-ல் தொடங்கி. அவன் காலத்துக் கோபுரம் பின்னாளில் சிதைந்து, பல பத்தாண்டுகள் மொட்டைக் கோபுரமாகத்தான் நின்றது. ஊர்ப் பெரியவர்கள் பலர் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். என் விளக்கப்படி சுழலின் பலம் கோபுர உயரத்தைப் பொறுத்தது. அப்படியானால் மொட்டையாக நின்ற காலத்தில் முதுகுத் தள்ளல் குறைந்திருக்க வேண்டும், 1990-க்குப் பிறகு கூடியிருக்க வேண்டும். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்க வேண்டிய கேள்வி இது. "500 வருஷத்து ரகசியம்" என்று முடித்துவிட்டால் இந்தக் கேள்வி பிறக்கவே பிறக்காது. 20-ஆம் நூற்றாண்டில் மேலே ஏறிக் கட்டின கைகளும் கணக்கில் வராமல் போய்விடும்.

பராக்கிரம பாண்டியன் இதை வேறு மாதிரி யோசித்தவன். இந்தக் கோயில் ஒரு நாள் பழுதாகலாம், அன்று அதைச் சரிசெய்து காப்பவர்களை நான் பணிகிறேன் என்ற பொருளில் பாட்டாகவே கல்லில் வெட்டிவைத்துப் போயிருக்கிறான். ஒரு ராஜா, தன் கட்டடம் இடியும் என்று ஒப்புக்கொள்வதே அபூர்வம். இன்னும் பிறக்காத யாரோ ஒரு கொத்தனாருக்கும் சேர்த்து அவன் தலை குனிகிறான். எனக்கு உடம்பு சிலிர்ப்பது அதைப் படிக்கும்போதுதான். ஆனால் அதைப் பகிர்கிறவர்கள் குறைவு.

பக்கத்தில் இருக்கும் நிஜ ஆச்சரியத்தை விட்டுவிட்டு எங்கேயோ தேடுவது இந்த வகை எழுத்தின் பழைய பழக்கம். சிதம்பரம் பூமியின் காந்த மையம் என்று இன்னொரு செய்தி சுற்றுகிறதே, அதையும் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு "மையம்" கிடையாது. ஆனால் காந்த நடுக்கோடு என்று ஒன்று நிஜமாகவே உண்டு. அந்தக் கோட்டில் தொங்கவிட்ட காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும். இந்தியாவில் அது போவது திருநெல்வேலி, திருவனந்தபுரம் பக்கமாக. 1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டை விட்டதற்கு முக்கியக் காரணமே அந்தக் கோடு. அதன் மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுகிறது. அதை ஆராயத்தான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருக்கிறது. நம்ம தலைக்கு மேல ஓடுற ஆத்தை விட்டுட்டு, சிதம்பரத்துக்குப் போய் இல்லாத மையத்தைத் தேடுறோம்.

சரி, மர்மம் என்று நம்பிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒரு நண்பர் கேட்டார். நஷ்டம் இருக்கிறது அண்ணாச்சி. அந்தக் காற்று கோபுரத்தால் மட்டும் வருவதில்லை. மேற்கே திறந்த வானம் வேண்டும், தாழ்ந்த கூரைகள் வேண்டும், கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே வெற்றிடம் வேண்டும். தென்காசி 2019-ல் மாவட்டத் தலைநகர் ஆகிவிட்டது. ஊர் மேல்நோக்கி வளரும். மேற்கே நாலு உயரமான கட்டடம் வந்தாலோ, வெயிலுக்கு என்று கோபுரத்தை ஒட்டி உள்ளே ஒரு தகரக் கூரை போட்டாலோ, சுழல் அறுந்துபோகலாம். முன்னோர் ரகசியம் என்றால் அது தானாகவே என்றைக்கும் இருக்கும் என்று நம்பி உட்கார்ந்திருப்போம். இன்னின்ன இருப்பதால் வருகிறது என்று தெரிந்தால், அந்தத் தகரக் கூரை வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கையில் இருக்கும்.

அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போகிறவர்கள் தென்காசியில் ஒரு மணி நேரம் இறங்குங்கள். ஒரு சாண் நூலைக் குச்சியில் கட்டிக்கொண்டு போனால் போதும். வாசலுக்கு வெளியே, வாசல் நடுவே, உள்ளே அஞ்சு எட்டில், பத்து எட்டில், இருபது எட்டில் நின்று, நூல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று தேதியும் நேரமும் போட்டு எனக்கு எழுதுங்கள். கார்த்திகையில் போகிறவர்களும் எழுதுங்கள், அவர்கள் கடிதம்தான் எனக்கு அதிகம் தேவை.