தூது நூல்களில் புறா இடம்பெறாமை

தூது நூல்களைப் பழந்தமிழரின் பறவை அஞ்சலுக்குச் சான்றாகக் காட்டுவார் உளர். அது பொருந்துமாறில்லை. தூதுக்குரியனவாக இரத்தினச் சுருக்கம் வகுத்த பத்தனுள் அன்னம், மயில், கிளி, பூவை, குயில் என ஐந்து பறவைகள் உள. மெய்யாகவே ஓலை சுமக்கவல்ல புறா இல்லை. மனையுறை புறாவை நெடுநல்வாடை காட்டுதலின், புலவர் அதனை அறியார் எனலும் ஆகாது.

காரணம் புறாவின் இயல்பில் உளது எனலாம். அது ஏவிய இடம் செல்வதன்று; தன் கூட்டிற்கு மீள்வது. அட்டுவம்பட்டியில் வளர்ந்த புறாவைப் பழனியில் விடுத்தால் அட்டுவம்பட்டிக்கே திரும்பும், மதுரைக்குச் செல்லாது. 1946இல் தொடங்கிய ஒடிசாக் காவல்துறையின் புறா அஞ்சலில் இருவழிப் பறக்கும் புறாக்களும் இருந்தன என்பது மறுப்பாக எழலாம். ஆயின் அவை ஓரிடத்து இரையும் மற்றோரிடத்து உறையுளுமாகப் பழக்கப்பட்டவை. ஈரிடமும் ஒரே துறையின் ஆளுகையில் இருந்தமையாலேயே அது கைகூடிற்று. உலாவில் தலைவனைக் கண்டு மயங்கிய தலைவிக்கு அவன் மாடத்துப் புறா கிட்டுவதெங்ஙனம்? கிட்டினும், அது மாலை வாங்கி அவளிடம் மீளாது. மேலும், தூது நூலின் தலைவி வேண்டுவது ஓலை சுமக்கும் பறவையை அன்று. தலைவனின் செவ்வி நோக்கி, அவள் நிலையை எடுத்துரைக்கும் பறவையை.